தாத்தா படம் போட்ட பாட்டில்: வீட்டு பார்பிக்யூ சாஸ் வியாபாரமாவது எப்படி?

கேள்வி இது: "வட கரோலினாவுக்குக் குடிவந்து ஆறு மாதம் ஆகிறது. பக்கத்து வீட்டுப் பெரியவர் ஒரு பார்பிக்யூ சாஸ் பாட்டில் கொடுத்தார். லேபிளில் அவருடைய தாத்தாவின் படம், கீழே 'மூன்று தலைமுறை ரகசியம்' என்று எழுத்து. கடைக்குப் போனால் பாதிப் பாட்டில்களில் இப்படி ஒரு தாத்தா இருக்கிறார். இந்தக் கதைகளெல்லாம் நிஜமா? வீட்டில் காய்ச்சிய சாஸ் எப்படிக் கம்பெனியாகிறது? சைவம் சாப்பிடுகிறவர்கள் இதைத் தொடலாமா?"

தாத்தா பெரும்பாலும் நிஜம். ரகசியம்தான் பாதி நிஜம். நான் இதே மாநிலத்தில், சின்னச் சின்ன உணவுத் தயாரிப்பாளர்கள் கொண்டுவரும் சரக்கைச் சோதித்து, விற்கலாமா கூடாதா என்று எழுதிக் கொடுக்கும் வேலையில் பதினோரு வருடமாக இருக்கிறேன். வாரத்துக்கு ஒரு தாத்தாவாவது என் மேஜைக்கு வந்துவிடுவார். அதனால் பதில் கொஞ்சம் நீளும்.

முதலில் சொல் விளக்கம். நம் ஊரில் பார்பிக்யூ என்றால் மேஜை நடுவே கரி அடுப்பு, அதன் மேல் கம்பியில் குத்திய பன்னீரும் கோழியும். அமெரிக்கத் தென் மாநிலங்களில் அது வேறு சமாச்சாரம். பன்றியின் தோள்பட்டையை, சில இடங்களில் முழுப் பன்றியையே, குழியில் மூட்டிய விறகுத் தணலுக்கு மேலே தீ படாமல் வைத்து எட்டு மணி, பன்னிரண்டு மணி நேரம் வேக விடுவார்கள். இறைச்சியும் புகையும் பொறுமையும்தான் இதில் முக்கியம். சாஸ் துணைக்கு வந்தது. ராத்திரி முழுக்க வேகும் இறைச்சி வறண்டு போகாமல் இருக்க, குச்சியில் துணியைச் சுற்றி, காரமும் புளிப்புமான தண்ணீரில் முக்கி அவ்வப்போது தடவுவார்கள். அந்தத் தண்ணீர்தான் இன்று பாட்டிலில் நிற்கும் சாஸுக்குக் கொள்ளுத்தாத்தா.

அந்தத் தண்ணீரில் என்ன இருந்தது என்பதற்கு நல்ல சாட்சி ஒன்று உண்டு. 1930-களின் பிற்பகுதியில், அடிமைகளாகப் பிறந்து விடுதலையான முதியவர்களை அரசாங்கம் ஆள் அனுப்பித் தேடி, அவர்களுடைய நினைவுகளை எழுதி வைத்தது. தென் கரோலினாவில் யூனியன் என்ற ஊரில் வெஸ்லி ஜோன்ஸ், அப்போது 97 வயது, 1937-இல் தன் நினைவைச் சொன்னார். பார்பிக்யூவுக்கு முந்தின இரவு முழுக்கத் தூங்காமல் இறைச்சியை வேகவைத்து, மேலே சாஸ் தடவிக்கொண்டே இருப்பாராம். அதில் என்னென்ன என்றும் சொல்லியிருக்கிறார்: வினிகர், மிளகு, மிளகாய், உப்பு, வெண்ணெய், கொஞ்சம் சேஜ் இலை, மல்லி, பேசில், வெங்காயம், பூண்டு. சிலர் துளி சர்க்கரையும் போடுவார்களாம். தக்காளி என்ற பேச்சே இல்லை. மல்லி இருக்கிறது! இதைப் படித்தபோது எனக்கு நம் வீட்டு அடுக்களையில் நிற்கிற மாதிரி இருந்தது.

லேபிளில் தாத்தா படத்தைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இவர் நினைவு வரும். அந்தக் காலத்தில் குழிக்குப் பக்கத்தில் ராத்திரியெல்லாம் விழித்திருந்தவர்களில் மிகப் பெரும்பாலோர் கறுப்பின மக்கள். அவர்கள் படம் எந்தப் பாட்டிலிலும் வரவில்லை. பெயர் தெரிந்தவர்கள் வியாபாரத்தில் இறங்கியது அதற்கு ரொம்பப் பின்னால். அதற்குள் பாட்டில் வியாபாரம் தலை தூக்கிவிட்டது: 1909-இலேயே அட்லாண்டா நாளிதழில் ஜார்ஜியா பார்பிக்யூ சாஸ் கம்பெனி என்று ஒரு நிறுவனம் விளம்பரம் கொடுத்திருக்கிறது. ஹைன்ஸ், கிராஃப்ட் போன்ற பெரிய கைகள் 20-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் வந்தன.

சரி, குடும்பங்களுக்கு வருவோம். நீங்கள் இருக்கும் மாநிலத்திலேயே தொடங்கலாம். ராலேயிலிருந்து கிழக்கே ஒரு மணி நேரம் கார் ஓட்டினால் கோல்ட்ஸ்பரோ. அங்கே ஆடம் ஸ்காட் என்ற கறுப்பினப் போதகர் 1917-இல் பார்பிக்யூ விற்க ஆரம்பித்தார். பெரிய கடையெல்லாம் இல்லை. வீட்டுப் பின்புறம் சமையல், பிறகு வீட்டுப் பின் திண்ணையையே அடைத்துச் சாப்பாட்டு அறையாக்கினார். சாஸ் செய்முறை கனவில் வந்தது என்பது குடும்பத்தார் சொல்வது. கனவைச் சோதிக்க எங்களிடம் கருவி கிடையாது. ஆனால் கிழக்கு வட கரோலினாவில் யாருக்குக் கனவு வந்தாலும் அதில் வினிகரும் மிளகாயும் உப்பும்தான் வரும், ஏனென்றால் அந்தப் பக்கத்து எல்லா சாஸும் அதுதான். மகன் மார்ட்டெல் ஸ்காட் அப்பாவின் கலவையில் கைவைத்துக் கொஞ்சம் மாற்றினார். அந்த சாஸ் இன்னமும் கடைகளில் கிடைக்கிறது. ஊற்றிப் பார்த்தால் தண்ணீர் மாதிரி ஓடும், அடியில் மிளகாய்த் துகள் படிந்திருக்கும். முதல்முறை பார்க்கிறவர்கள் கெட்டுப் போயிற்றோ என்று நினைப்பார்கள்.

ஸ்காட் குடும்பத்தின் சாஸ் பாட்டிலுக்குள் போனதில் ஆச்சரியம் இல்லை. புளிக்காய்ச்சலை நினைத்துக் கொள்ளுங்கள். பாட்டி ஊருக்குக் கிளம்பும்போது டப்பாவில் கட்டிக் கொடுத்தாளே, மாதக்கணக்கில் கெடாமல் இருந்ததே, எதனால்? புளி, உப்பு, எண்ணெய், நன்றாகச் சுண்டக் காய்ச்சியது. பாட்டிக்கு நுண்ணுயிரியல் தெரியாது, ஆனால் கிருமி வாழ முடியாத ஒரு பண்டத்தைச் செய்திருக்கிறாள். வினிகர் சாஸும் அதே சாதி. அடுப்பிலிருந்து இறக்கிய நிமிஷமே அது பாட்டிலுக்குத் தயார். அதே பாட்டியின் மோர்க்குழம்பை யாராவது டப்பாவில் கட்டி ரயிலேறியிருக்கிறார்களா?

இந்த மோர்க்குழம்புப் பிரச்சினைக்கு அமெரிக்காவில் ஒரு குடும்பக் கதை இருக்கிறது. எனக்கு மிகவும் பிடித்தது அதுதான்.

அலபாமாவின் வடக்கே, டென்னசி ஆற்றங்கரையில் டிகேட்டர் என்று ஓர் ஊர். ராபர்ட் கிப்சன் அங்கே ரயில்வேயில் வேலை பார்த்தவர். ஆறடி நாலங்குலம் உயரம், 300 பவுண்டு எடை. ஆகவே ஊருக்கு அவர் 'பிக் பாப்'. 1925-இல், வார இறுதிகளில் வீட்டுப் பின்பக்கம் கையால் குழி தோண்டி, ஹிக்கரி என்ற மரத்தின் விறகு போட்டுப் பன்றித் தோள்பட்டையும் கோழியும் வேகவைத்து ஊராருக்குப் போட ஆரம்பித்தார். மேஜை வாங்கவில்லை, மரத்தோடு சேர்த்துப் பலகையை ஆணியடித்து வைத்தார், அதுதான் மேஜை. கூட்டம் பெருகவும் ரயில்வே வேலையை விட்டுவிட்டார்.

கோழிதான் அவரைச் சிக்கலில் மாட்டியது. பன்றித் தோள்பட்டையில் கொழுப்பு உண்டு, ராத்திரி முழுக்க வெந்தாலும் தாங்கும். பாதியாகப் பிளந்த கோழியை மூன்று மணி நேரம் தணல் மேல் போட்டால் நெஞ்சுப் பகுதி பஞ்சாகிவிடும். கிப்சன் செய்த வேலை: முட்டையும் எண்ணெயும் அடித்துச் செய்யும் மயோனைஸில் வினிகரை நன்றாகக் கலந்து, மிளகு நிறையப் போட்டு, உப்பும் கொஞ்சம் காரமும் சேர்த்து ஒரு பெரிய பாத்திரம் நிறைய வைத்துக்கொண்டார். குழியிலிருந்து எடுத்த கோழியைச் சுடச்சுட அதற்குள் முழுசாக முக்கி எடுப்பார். மயோனைஸில் இருக்கும் எண்ணெய் வறண்ட சதையை நனைக்கும், வினிகர் புகையின் கசப்பை வெட்டும். நிறம் வெள்ளை. நாட்டில் மற்ற எல்லா இடத்திலும் பார்பிக்யூ சாஸ் சிவப்பு, மஞ்சள் அல்லது பழுப்பு. வடக்கு அலபாமாவில் மட்டும் வெள்ளை. அங்கே வளர்ந்த பிள்ளைகளுக்கு அதுதான் இயல்பு, மற்றதுதான் விசித்திரம்.

இப்போது கவனியுங்கள். குடும்பம் பெருகியது, பிள்ளைகள், பேரப் பிள்ளைகள் கடையை நடத்தினார்கள், போட்டிகளில் ஜெயித்தார்கள். மெம்பிஸில் மே மாதம் நடக்கும் பெரிய பார்பிக்யூ போட்டியில் இந்தக் கடை பல தடவை முதல் பரிசு வாங்கியிருக்கிறது. ஆனால் வெள்ளை சாஸ் பாட்டிலில் அடைபட்டு விற்பனைக்கு வந்தது 1990-களில். அதாவது கிட்டத்தட்ட எழுபது வருடம் அது குழியை விட்டு நகரவே இல்லை. சாப்பிட வேண்டுமா, டிகேட்டருக்கு வா.

ஏன் இத்தனை தாமதம்? அந்தக் குடும்பத்துக்கு அவசரம் இல்லாமல் இருந்திருக்கலாம். என் தொழில் புத்திக்குத் தோன்றும் காரணம் வேறு. தக்காளி, வினிகர் வகை சாஸைப் பாட்டிலில் அடைப்பது சுலபம். கொதிக்கக் கொதிக்க ஊற்றி, மூடி போட்டு, பாட்டிலைத் தலைகீழாகக் கவிழ்த்தால் அந்தச் சூடே மூடியின் உட்புறத்தையும் சுத்தம் செய்துவிடும். மயோனைஸ் கலந்த சாஸை அப்படிச் சூடாக்கினால் எண்ணெய் தனியாக, தண்ணீர் தனியாகத் திரிந்துவிடும். மோர்க்குழம்பு கொதித்தால் என்ன ஆகும், அதுதான். சூடாக்காமலே பத்திரமாக அடைக்க வேண்டும், மாதக்கணக்கில் பிரியாமலும் நிற்க வேண்டும் என்றால் அதற்கு வேறு இயந்திரம், வேறு அறிவு வேண்டும். வீட்டு அடுப்பில் அது நடக்காது.

அதனால்தான் இந்தக் கதைகளில் செய்முறையை யார் கண்டுபிடித்தார் என்பதை விட, அது குழியை விட்டு எப்போது கிளம்பியது என்பதை நான் பெரிதாக நினைக்கிறேன்.

கிளம்பிய விதங்கள் பல. ஒரு விதம், ஆளே ஊர் மாறுவது. ஹென்றி பெர்ரி மெம்பிஸ் பக்கத்துக்காரர். கான்சாஸ் சிட்டிக்குப் போய் 1908 வாக்கில் ஒரு சந்தில் நின்று, செய்தித்தாளில் சுற்றிப் புகையூட்டிய இறைச்சி விற்றார். அவருடைய சாஸ் நாக்கைப் பிடுங்கும் காரம் என்று பேர். 1940-இல் அவர் இறந்ததும் கடை, அவரிடம் வேலை பார்த்த சார்லி பிரையன்ட் கைக்கும், பிறகு தம்பி ஆர்தர் பிரையன்ட் கைக்கும் வந்தது. பெர்ரியிடம் வேலை பார்த்த இன்னொருவர் மூலமாகக் கைப்பக்குவம் கேட்ஸ் குடும்பத்துக்குப் போயிற்று. இரண்டு கடைகளும் இன்றும் இருக்கின்றன, இரண்டும் பாட்டில் விற்கின்றன, இரண்டின் வேரும் ஒரே சந்து. பெர்ரியின் பெயரில் பாட்டில் இல்லை.

சிகாகோ கதை வேறு மாதிரி. அங்கே மைக் ராய்கோ என்று வம்புக்கார நாளிதழ் எழுத்தாளர் ஒருவர் இருந்தார். தன் விலா எலும்புக் கறியை மிஞ்ச ஆளில்லை என்று பத்தியில் சவடால் விட்டுவிட்டு, 1982-இல் கிராண்ட் பூங்காவில் ஒரு போட்டியே வைத்தார். நூற்றுக்கணக்கானவர்கள் அடுப்போடு வந்துவிட்டார்கள். ஜெயித்தவர் மிசிசிப்பியில் பிறந்து சிகாகோ வந்த சார்லி ராபின்சன். அந்த வெற்றியைப் பிடித்துக்கொண்டு அவர் கடையே திறந்தார். மூன்று வருடம் கழித்து, 1985-இல், அதே போட்டியில் லாரி ரேமண்ட் தன் குடும்பத்து சாஸோடு இறங்கினார். கிட்டத்தட்ட 700 போட்டியாளர்களில் இரண்டாம் இடம். சாஸுக்கு அவர் வைத்த பெயர் தம்பி டேவின் பட்டப்பெயர். கூடைப்பந்து ஆடும்போது பையன்கள் கூப்பிட்ட 'ஸ்வீட் பேபி ரே'. அடுத்த வருடம் அண்ணன் தம்பி இரண்டு பேரும் ஒரு நண்பரும் சேர்ந்து கம்பெனி தொடங்கினார்கள்.

அவர்களுக்குக் குழியும் இல்லை, பழைய கடையும் இல்லை. ஒரு போட்டி, ஒரு பட்டப்பெயர், இனிப்பான ஒரு சாஸ். 2005-இல் மாசசூசெட்ஸைச் சேர்ந்த கென்ஸ் ஃபுட்ஸ் அதை வாங்கிக்கொண்டது. இன்று அமெரிக்காவில் அதிகம் விற்கும் பார்பிக்யூ சாஸ்களில் முன்னணியில் நிற்பது அதுதான். உங்கள் ஊர் எந்த மளிகைக்கடைக்குப் போனாலும் கண்ணில் படும். பாட்டிலைத் திருப்பிப் பாருங்கள், முதல் பொருள் சோளப் பாகு. குறை சொல்லவில்லை, அதைத்தான் குழந்தைகள் நக்கித் தின்கின்றன.

கான்சாஸ் சிட்டியில் ரிச் டேவிஸ் என்று ஒரு குழந்தை மனநல மருத்துவர் இருந்தார். அவர் 1977-இல் கொண்டுவந்த சாஸ்தான் பிற்பாடு 'கே.சி. மாஸ்டர்பீஸ்' ஆனது. அதற்கு முன்பு அவர் கடுகு விழுதையும் கெட்ச்சப்பையும் கலந்து 'மஸ்ச்சப்' என்று ஒன்றை விற்கப் பார்த்திருக்கிறார். பெயரைக் கேட்டாலே தெரியும் ஏன் ஓடவில்லை என்று. கெட்டியான, வெல்லப்பாகு வாசனை வரும் அவருடைய சிவப்பு சாஸ்தான் இன்று உலகத்தில் பாதிப் பேர் 'பார்பிக்யூ ருசி' என்று நினைக்கும் ருசி. 1986-இல் அதை வாங்கியது யார் தெரியுமா? கிங்ஸ்ஃபோர்ட் கரிக் கம்பெனி. அடுப்புக்கரி விற்கிறவன் பக்கத்திலேயே சாஸையும் வைத்து விற்றான். நல்ல மூளை.

டெக்சஸ்காரர் ஸ்டபிள்ஃபீல்டின் கதையை ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அது நீண்டால் மனசு கனக்கும். கொரியப் போரில் ராணுவச் சமையல்காரர், 1968-இல் லபக் நகரத்தில் சின்னக் கடை, கடைக்கு வந்தவர்களில் பாதிப் பேர் பாட்டுக்காரர்கள். நண்பர்களுக்கு சாஸை காலி விஸ்கி பாட்டிலில் ஊற்றி, மூடிக்குப் பதில் ஹாலப்பீன்யோ மிளகாயைச் செருகிக் கொடுத்தார். 1995-இல் இறந்தார். 2015-இல் 'ஸ்டப்ஸ்' சாஸ் கம்பெனியை மெக்கார்மிக் மசாலா நிறுவனம் சுமார் 10 கோடி டாலருக்கு வாங்கியது. தொப்பி போட்ட அவர் படம் இன்றும் பாட்டிலில் இருக்கிறது.

இனி உங்கள் இரண்டாவது கேள்வி. வீட்டு அடுப்பிலிருந்து கடை அலமாரிக்கு வருவது நடைமுறையில் எப்படி? என் அசட்டுத்தனத்திலிருந்தே ஆரம்பிக்கிறேன். இந்த வேலைக்கு வருவதற்கு முன், பீச் பழமும் காய்ந்த மிளகாயும் போட்டு ஒரு சாஸ் செய்து, ஆறவைத்து, கழுவிய பழைய ஊறுகாய் பாட்டில்களில் நிரப்பி, நண்பர்களுக்குக் கொடுக்கலாம் என்று காரின் பின்பெட்டியில் வைத்தேன். ஜூலை மாதம். இரண்டாம் நாள் பின்பெட்டிக்குள் பட்டாசு வெடித்த மாதிரி சத்தம். மூடி பிய்ந்து, கார்ப்பெட் முழுக்கச் சாஸ். ஈஸ்ட் பழச் சர்க்கரையைத் தின்று வாயு விட்டிருக்கிறது. கார் விற்கும்வரை மழைநாளில் பீச் வாசனை வந்துகொண்டே இருந்தது.

வெடித்தது நல்லதுதான், நொதித்தது என்று தெரிந்துவிட்டது. தெரியாமல் கெடுவதுதான் பயம். கிளாஸ்ட்ரிடியம் பாட்டுலினம் என்ற கிருமி காற்றில்லாத பாட்டிலுக்குள் வளர்ந்து விஷம் கக்கும். மணமோ நிறமோ காட்டிக் கொடுக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை. புளிப்பு இருந்தால் அது வளராது. புளிப்பை அளக்கும் எண்ணுக்குப் பிஹெச் என்று பெயர்; அந்தப் புளிப்பின் எல்லைக்கோடு பிஹெச் 4.6. எண் அதற்குக் கீழே இருந்தால் புளிப்பு போதும் என்று அர்த்தம். சாஸில் வெங்காயம், பூண்டு, குடைமிளகாய் போன்ற புளிப்பில்லாத பொருள்கள் கணிசமாகச் சேர்ந்து, வினிகர் அதைச் சரிக்கட்டுகிறது என்றால், அமெரிக்க அரசின் உணவு, மருந்து நிர்வாகமான எஃப்டிஏ கணக்கில் அது புளிப்பூட்டிய உணவு. அதற்குத் தனிச் சட்டம், 1979-இல் வந்தது. தகுதி உள்ள நிபுணர் ஒருவர் எத்தனை டிகிரியில், எவ்வளவு நேரம், எந்தப் பிஹெச்சில் அடைக்க வேண்டும் என்று எழுதித் தர வேண்டும். அடைக்கிறவர் இதற்கென்று ஒரு பயிற்சி வகுப்பு படித்துத் தேற வேண்டும். வினிகரும் தக்காளியுமே பெரும்பகுதியாக இருக்கும் சில சாஸ்கள் இயல்பிலேயே புளிப்பு என்று இந்தக் கெடுபிடியிலிருந்து தப்பிவிடும். எந்தப் பக்கம் விழுகிறது என்று பார்த்துச் சொல்வதுதான் என் போன்றவர்களின் முதல் வேலை.

ஒரு குடும்பத்தைச் சொல்கிறேன், பெயர் வேண்டாம். எழுபது தாண்டிய அம்மா, மகன், மருமகள். அம்மாவின் அப்பா காலத்து சாஸ், தக்காளி வகை. வாடகைக்கு விடும் பொதுச் சமையற்கூடத்தில் முதன்முதலாக நாற்பது காலன் அண்டாவில் காய்ச்சினார்கள். நீராவி உறை போட்ட எஃகு அண்டா, பளபளவென்று இருக்கும். அம்மா நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தார். பிஹெச் 4.1, பிரமாதம். மகன் ஒரு கரண்டி ஆறவைத்து அம்மாவிடம் நீட்டினான். வாயில் வைத்தார். கொஞ்ச நேரம் பேசவில்லை.

"இது உன் தாத்தா சாஸ் இல்லடா."

"அதே அளவுதாம்மா. எல்லாத்தையும் எடை போட்டுத்தான் போட்டேன்."

"அளவு சரி. சாஸ் சரியில்ல. கொஞ்சம் பழுப்புச் சர்க்கரை எடு."

நான்தான் குறுக்கே விழுந்து தடுக்க வேண்டியிருந்தது. எழுதிக் கொடுத்த செய்முறையில் ஒரு கைப்பிடி மாறினாலும் மறுபடி சோதிக்க வேண்டும். அந்தம்மா என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, தன் சொந்தப் பாத்திரத்தில் கை வைக்காதே என்று ஒரு அந்நியன் சொன்னால் எந்த அம்மாவும் பார்க்கும் பார்வைதான் அது.

அவர் சொன்னது சரி என்று பிறகு புரிந்தது. இரண்டு விஷயம். ஒன்று, வீட்டில் அகலச் சட்டியில் ஒன்றரை மணி நேரம் கொதித்தால் தண்ணீர் நிறைய ஆவியாகிப் போகும்; ஆழமான அண்டாவில் அதே நேரத்தில் அவ்வளவு போகாது. அதனால் சாஸ் நீர்த்து, புளிப்பு முன்னால் நின்றது. கெட்ச்சப்பையும் தண்ணீரையும் குறைத்துவிட்டுத் தக்காளி விழுதைக் கூட்டினால் அது சரியாகும். இரண்டாவதைக் கண்டுபிடித்தது மருமகள். பெரியவர் காலத்தில் சாஸ் சட்டி எங்கே இருந்தது என்று கேட்டாள். குழி ஓரத்தில், மூடி இல்லாமல். அதாவது ராத்திரி முழுக்க ஹிக்கரிப் புகை சாஸிலும் இறங்கியிருக்கிறது. அளவுப் பட்டியலில் புகை எப்படி வரும்?

புகை வாசனைக்காகக் கடையில் விற்கும் திரவப் புகையை அம்மா முகர்ந்து பார்த்து, "ஆஸ்பத்திரி வாசனை" என்று தள்ளிவிட்டார். கடைசியில், மகன் வேலை பார்க்கும் உணவகத்தின் குழியில் அனுமதி கேட்டு, செய்முறையில் உள்ள உப்பை மட்டும் தட்டில் பரப்பி இரவு முழுக்கப் புகை போட்டார்கள். வெள்ளை உப்பு காலையில் தேன் நிறமாக இருந்தது. விரலில் தொட்டு நாக்கில் வைத்த அம்மா எங்கள் யாரையும் பார்க்காமல், "அப்பா" என்று மட்டும் சொன்னார். அதற்குப் பிறகு புதிதாகச் சோதனை, கடிதம் எல்லாம் மறுபடி. பாட்டில் சந்தைக்குப் போக இன்னும் இரண்டு மாதம் ஆயிற்று.

ரகசியம் பாதி நிஜம் என்றேன், இதனால்தான். இங்கே பாட்டில் லேபிளில் எடை அதிகமான பொருளிலிருந்து வரிசையாக எழுத வேண்டும் என்பது சட்டம். மிளகு, மிளகாய், மல்லி, சீரகமெல்லாம் பொதுவாக 'மசாலாப் பொருள்கள்' என்று ஒரே சொல்லில் ஒளிந்துகொள்ளலாம். வெங்காயப் பொடி, பூண்டுப் பொடி ஒளிய முடியாது, பெயர் போட்டே ஆகவேண்டும். ஆக, தாத்தாவின் ரகசியம் என்பது அந்த ஒற்றைச் சொல்லுக்குள் அடங்குகிற அளவுதான். நிறையச் சாஸ்களில் தாத்தாவின் முதல் பொருளே கடையில் வாங்கிய கெட்ச்சப் பாட்டில். குடும்பத்தார் இதைச் சொல்லும்போது குரலைத் தாழ்த்திக்கொள்வார்கள். தாழ்த்த அவசியமே இல்லை. நம் பாட்டிகளும் பெருங்காயத்தைக் கடையில்தான் வாங்கினார்கள்.

சைவக் கேள்வி. சாஸில் இறைச்சி அபூர்வம், ஆனால் வுஸ்டர்ஷயர் சாஸ் என்று ஒன்று லேபிளில் இருக்கிறதா பாருங்கள். அதன் வழக்கமான வகையில் நெத்திலி வகை மீன் உண்டு. மீன் ஒவ்வாமைப் பொருள் என்பதால் எந்த மீன் என்று லேபிளில் சொல்லியே ஆகவேண்டும். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அடைப்புக்குறிக்குள் இருப்பதையும் படியுங்கள். வெள்ளை சாஸ் என்றால் முட்டை உண்டு. கோல்ட்ஸ்பரோ பக்கத்து வினிகர் வகை பெரும்பாலும் தொந்தரவில்லாதது. வறுத்த வெண்டைக்காய் மேல் நாலு சொட்டு விட்டுப் பாருங்கள்.

திறந்த பாட்டிலை ஃபிரிட்ஜில் வையுங்கள். பக்கத்து வீட்டுப் பெரியவரை அடுத்த முறை பார்த்தால் ரகசியம் என்ன என்று கேட்காதீர்கள், சொல்ல மாட்டார். தாத்தாவின் குழி எங்கே இருந்தது, என்ன விறகு போட்டார் என்று கேளுங்கள். அன்று சாயங்காலம் வேறு வேலை வைத்துக்கொள்ள வேண்டாம்.